குழம்புக்காரி ஜெனரேட்டருக்கு வந்த கதை

எங்கள் சபை ஒவ்வொரு ஜூலையிலும் நைஜீரியாவில் இட்டு என்ற ஊரின் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு ஐந்து நாள் தங்கும். மழை விடாது, நாங்களும் விடமாட்டோம். பதினொரு வருடம் அந்த முகாமுக்குச் சமைத்தவள் அரித் அக்கா. அவள் வைக்கும் அஃபாங் கீரைக் குழம்புக்காகவே ஜெபிக்க வருகிறவர்கள் உண்டு. அதில் முதல் ஆள் நான், பாடகர் குழுவை நடத்துகிற இமோ. எனக்குக் குரல் நல்ல குரல், வாய்தான் நீளம்.

அந்த வாய்தான் போன வருடம் அவளைக் கெடுத்தது. ஆண்கள் கூடாரத்தில் படுத்த பதினாறு பேரும் விடியும்போது தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தோம். எல்லோருக்கும் வாந்தி. ஒருவரை ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினோம், நல்லவேளை பிழைத்துக்கொண்டார். என்ன ஆச்சு என்று பாஸ்டர் எசியெத் கேட்டார். "ராத்திரி சாப்பிட்ட குழம்புதான், வேற என்ன?" என்றேன். பெண்கள் கூடாரத்திலும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

அக்காவுக்கு ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை. நாங்கள் கூடாரத்தைப் பிரிப்பதற்குள் செய்தி ஊருக்குப் போய்விட்டது. மதியம் இடம் கிடைக்காத பெஞ்சில் ஈ உட்கார்ந்தது. எதிரில் வந்தவர்கள்கூட, "அக்கா, குழம்புல என்ன போட்டே?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அதைக் கிளப்பிவிட்டவன் நான். அப்போது எனக்கு வெட்கமும் இல்லை.

இந்த வருடம் முகாம் ஏற்பாட்டுக் கூட்டத்துக்கு வந்து நின்றாள். "சமையல் எனக்கு வேணாம். ஜெனரேட்டரைக் குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். ஆறு மாதமாக ஒரு மெக்கானிக் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாளாம்.

"குடுத்துடுங்க பாஸ்டர்" என்றேன். "மிஷின் வாந்தி எடுக்காது."

கூட்டமே சிரித்தது. அவள் என்னைப் பார்த்து, "சிரி தம்பி, நல்லா சிரி. போன என் பேரை இந்த முகாம்லயே திருப்பி வாங்கிட்டுதான் போவேன்" என்றாள்.

முதல் நாளே கூடாரங்களிலிருந்து இருபத்தைந்து தப்படி தள்ளி நான்கு கம்பம் நட்டு, மேலே தகரம் போட்டாள். பக்கச் சுவர் கிடையாது, காற்று தாராளமாகப் போய் வரலாம். தண்ணீர் தேங்காத மேட்டில் கல் அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு மிஷினை வைத்தாள். புகைக்குழாய் ஆற்றைப் பார்த்திருந்தது. வயர் சேர்கிற இடமெல்லாம் ஈரத்தில் படாமல் தூக்கிக் கட்டியிருந்தாள். கையைத் துடைக்காமல் பிளக்கைத் தொட்டால் திட்டு விழும். மிஷினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகுதான் பெட்ரோல்.

"நனைஞ்சா ரிப்பேர் பண்ணிக்கலாம்" என்றாள். "கூடாரத்துக்குள்ள மட்டும் இதை ஓட்டாதீங்க. அந்த விஷம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தூங்கினபடியே ஆளை முடிச்சிடும்."

யார் கேட்டது? நைஜீரியாவில் மழைநாளில் ஜெனரேட்டரை வெளியே விடுகிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். நனையாவிட்டாலும் திருடன் தூக்கிவிடுவான். போன வருடம் அதைத் தலைமாட்டிலேயே ஓடவிட்டுத்தான் நாங்கள் படுத்தோம். திருட்டுப் பயத்துக்கும் அக்கா வழி செய்திருந்தாள். சங்கிலி போட்டுக் கம்பத்தோடு பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் உபவாசம். மாலை ஆறு மணி வரை தண்ணீர் மட்டும்தான். மதியம் சாய்வாக அடித்தது மழை. கீபோர்டு வைத்துப் பாட்டுப் பழக வேண்டும், எனக்கோ அவசரம். அக்கா மிஷினை ஆறவிட்டு, முகாம் வாசலுக்கு வந்த பெட்ரோலை வாங்கப் போயிருந்தாள். பூட்டைத் திறக்க முடியாது, ஆகவே நானும் பாடகர் குழு ஆண்களும் கம்பத்தையே பிடுங்கினோம். மிஷின், சங்கிலி, கம்பம் எல்லாவற்றையும் கூடாரத்துக்குள் கொண்டுபோய், சாரல் அடிக்காமல் துணியை நான்கு பக்கமும் இறக்கிவிட்டு ஓட்டினோம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அரை மணி நேரம் பாடியிருப்போம். ஒருவன் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தான். இன்னொருவன் வெறும் தண்ணீரை வாந்தி எடுத்தான். எனக்குக் கால் துவண்டது. பசி என்று நினைத்தேன்.

அப்போது கூடாரத் துணி டர்ரென்று கிழிந்தது. வெளியே அக்கா! "எல்லாரும் வெளிய வாங்க! மழையா இருந்தா இருக்கட்டும், வெளிய வாங்கடா!" மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து மிஷினை அணைத்தாள். திரும்பும்போது என் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தாள்.

பதினான்கு பேரும் மழையில் புல்தரையில் கிடந்து காற்றை விழுங்கினோம். நர்ஸ் ஓடி வந்து பார்த்து, மூன்று பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். சாயங்காலமே சிரித்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். மற்றவர்களுக்கு மெல்லத் தலை தெளிந்தது. பாஸ்டரும் பெண்களும் சுற்றி நின்றார்கள். அக்கா என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"தம்பி, இன்னிக்கு என்ன குழம்பு சாப்பிட்டே?"

நான் மெல்ல எழுந்து உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு உபவாசம் அக்கா. தண்ணிதான்."

"அந்தத் தண்ணியையும் நான்தான் காய்ச்சினேனா?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், பாஸ்டர் உட்பட. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஒரு வருடம் அந்தப் பெஞ்சைக் காலியாக வைத்த பாவி நான்தானே!

பிடுங்கிய கம்பத்தை நடக் குழி தோண்டும் வேலை எனக்கு. மனதாரத் தோண்டினேன். மிஷினைத் துடைத்துக் காயவிட்டு அவள் மறுபடி ஓட்டியபோது, புகை ஆற்றுப் பக்கம் போயிற்று.

உபவாசம் முடிகிற நேரம். ஊர் ஜனமும் மாலை ஆராதனைக்கு வந்துவிட்டது. பாஸ்டர் அவளிடம், "அரித், இன்னிக்கு நீயே சமைச்சிடும்மா" என்றார்.

"இமோ கூப்பிடட்டும் பாஸ்டர். மைக்குல."

மைக்கைப் பிடித்தேன். "போன வருஷம் குழம்புல ஒரு குறையும் இல்ல. ஜெனரேட்டரை உள்ள வெச்சது நாங்க. பழியை அரித் அக்கா மேல போட்டது நான். அக்கா, மன்னிச்சு சமைக்க வாங்க."

அவள் மிஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடி காதில் கை வைத்தாள். "கேக்கல! மிஷின் சத்தமா இருக்கு! இன்னொரு வாட்டி!"

சொன்னேன்.

"கடைசி வரிசைக்குக் கேட்டுச்சா?"

"கேக்கல அக்கா!" என்று பெண்கள் கத்தினார்கள், வேண்டுமென்றே.

மூன்றாம் முறை தொண்டை கிழியக் கத்தினேன். பாட்டுப் போட்டியில்கூட அவ்வளவு உச்சத்தைத் தொட்டதில்லை. அக்கா எழுந்து சாவியைப் பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, நிமிர்ந்த நடையோடு சமையல் கொட்டகைக்குப் போனாள். அடுப்புப் பற்றுவதற்கு முன்பே தட்டோடு ஊரே வரிசையில் நின்றது. என்னைக் கடைசியில் நிறுத்தினாள்.