முதல் படகு திரும்பிய நாளில் ஆங்கிலத் தேர்வு

தேர்வு அட்டவணையைப் பார்த்ததும் எனக்குத் தலை சூடேறியது. ஆங்கில அரியர் தேர்வை, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் முதன்முதலாகக் கரை திரும்பும் அதே நாளில் வைத்திருந்தார்கள். அட்டவணை போட்டவர்கள் இராமேஸ்வரம் வந்திருந்தால் கோயிலைப் பார்த்திருப்பார்கள், கடலில் முழுக்குப் போட்டிருப்பார்கள். அந்தக் கடலை நம்பி ஒரு வகுப்பே படிக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

நான் இங்கே ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். முதல்வரிடம் போய்ச் சொன்னேன். “மீன் வருதுன்னு பரீட்சையைத் தள்ளி வைப்பாங்களாம்மா?” என்று சிரித்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

என் கவலையெல்லாம் ஒரு மாணவியைப் பற்றியது. மற்ற தாள்கள் எல்லாம் தேறிவிட்டாள், ஆங்கிலம் மட்டும் பாக்கி. தேறினால் பட்டம். இல்லாவிட்டால் காலத்துக்கும் இறால் கம்பெனியில் உட்கார்ந்து இறாலுக்குத் தலை கிள்ள வேண்டியதுதான். தடைக்காலம் முழுக்க என்னிடம் வந்து படித்தாள். நோட்ஸை நெட்டுருப் போடாமல் சொந்தமாக ஒரு பக்கம் எழுதும் அளவுக்கு வந்திருந்தாள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட.

வீட்டுக்கே போய், அன்று ஒரு நாள் மட்டும் அவளை வேலைக்கு அனுப்பாதீர்கள் என்று அவள் அம்மாவிடம் கேட்டேன்.

“ரெண்டு மாசமா கூலி இல்ல டீச்சரம்மா. மொத நாளு போகலைன்னா அவ எடத்துல வேற ஆளு உக்காந்துரும். விடியக்காலம் போயிட்டு நேரா அங்கன வந்துருவா. மாதா பாத்துக்கிரும்.”

மாதாவோடு நான் எப்படி மல்லுக்கு நிற்பது?

தேர்வன்று அவள் நேரத்துக்கே வந்துவிட்டாள். ஆள் இல்லாததால் அறைக் கண்காணிப்புக்கு என்னையே போட்டிருந்தார்கள். வினாத்தாளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. நாங்கள் படித்ததுதான் வந்திருந்தது. விறுவிறுவென்று எழுதியவள், போகப்போகத் தடுமாறினாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல்கள் வீங்கியிருந்தன. இறால் கொம்பு குத்திய இடங்களில் இரத்தம் கசிந்து விடைத்தாளில் ஒட்டியது. பேனாவை முஷ்டிக்குள் வைத்து எழுதிப் பார்த்தாள். கட்டுரை பாதியில் நின்றது.

“பதில் தெரியுது மிஸ். கைதான் வரமாட்டேங்குது.”

நான் பேசக் கூடாது. மணி அடித்ததும் தாளை வாங்கிக்கொண்டேன். வாங்கிய என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

முடிவு வந்தது. அவள் தேறவில்லை. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், இன்னொருவர் திருத்துவார் என்று தைரியம் சொன்னேன்.

“எழுதாத பக்கத்துக்கு அவரு மார்க்கு போடுவாரா மிஸ்?”

கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள்.

“போட மாட்டார்ம்மா,” என்றேன்.