நான் எண்ணாமல் விட்ட வழி

1. முதல் நாள்

"இந்தப் பக்கத்து வழியெல்லாம் உமக்குத் தெரியுமோ காணும்?" என்று ஐயா கேட்டார்.

"கண்ணைக் கட்டி விட்டாலும் போவன், ஐயா" என்றேன்.

கண்ணைக் கட்டாமலே அன்று அவரை ஒரு மைல் பிழையாக நடத்தி, முழங்கால் சேற்றில் இறக்கி, கடைசியில் புறப்பட்ட துறைக்கே கொண்டுவந்து விட்டேன். அவருடைய சப்பாத்து ஒன்று சேற்றோடு போய்விட்டது. மற்றதைக் கையில் பிடித்தபடி கொப்பியில் ஏதோ எழுதினார். வேலை போயிற்று என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், "ஊர்க்காரருக்கே வழி பிழைக்கும் இடம்" என்று எழுதியிருந்தார். அது அவருக்கு நட்டமில்லை, ஒரு கண்டுபிடிப்பு.

ஐயா யாழ்ப்பாணத்தவர். கொழும்பிலே பெரிய கல்லூரியில் பூமிசாத்திரம் படிப்பித்தவர். சனங்கள் எந்த வழியால் போகிறார்கள், ஏன் அந்த வழியால் போகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இதற்கெல்லாம் ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட என்னை அவர் உதவியாளாக எடுத்ததற்குக் காரணம் இரண்டு. என் கையெழுத்து வடிவு. எனக்குத் தோணி வலிக்கத் தெரியும். அறிவு என்று மூன்றாவது காரணம் ஒன்று இருந்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

பிள்ளையார் கிருபையால் பன்னிரண்டு வருடம் அவரோடு வாவியைச் சுற்றி நடந்தேன். இப்போது படிக்கிற பிள்ளைகள் சிலர் வந்து, அந்தக் காலத்தில் எப்படி வேலை செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஒழுங்காகச் செய்தவற்றை ஐயா தம் கட்டுரைகளில் எழுதிவிட்டார். பிழையாகச் செய்த ஒன்றை நான்தானே எழுதவேண்டும்.

2. அரசமரத்தடிக் கந்தோர்

நான் பிறந்தது வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. அப்படித்தான் தெய்வானைப்பிள்ளையை முடித்து, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அவளுடைய ஊருக்கு வந்தேன்.

அந்த ஊருக்கு மாரிகாலத்தில் வண்டி வராது. துறையிலிருந்து ஊருக்குள் சரளை கொட்டி ஒரே ஒரு கிறவல் றோட்டுப் போட, மட்டக்களப்பிலுள்ள அரசாங்க றோட்டுக் கந்தோரில் முடிவானது. எந்த வழியால் போடுவது என்று அவர்கள் ஐயாவிடம் கேட்டார்கள். ஆட்கள் ஆகக் கூடுதலாகப் போகிற வழி எதுவோ, அது. ஒரு மாதம் எண்ணிச் சொல்லவேண்டும்.

ஐயாவுக்குக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வேறு வேலை இருந்தது. "எவடத்திலை இருந்து எண்ணுறது எண்டதை நீரே பாத்துச் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பார்த்த வரையில் அவர் செய்த ஒரே பிழை அதுதான்.

அன்று பின்னேரமே வண்ணக்கர் வீட்டுக்கு வந்தார். வண்ணக்கர் என்றால் கோயிலைப் பொறுப்பாக நடத்துகிறவர். எங்கள் ஊர் வண்ணக்கர் தெய்வானைப்பிள்ளைக்குத் தாய்மாமன்.

"மருமகன், றோட்டு கோயிலடியாலதான் வரோணும்" என்றார். "சாமி வெளிய வாற நேரம் வண்டிச் சில்லு மணலில புதையுது. பொடியனுகள் தோளில தூக்கிறானுகள். நீங்க எண்ணுறத எண்ணுங்க. மறுகா பிள்ளையார் பாத்துக்குவார்."

அவர் சொல்லாவிட்டாலும் நான் வேறு இடம் போயிருக்கமாட்டேன். கோயில் முன்வீதிதான் வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரசமரத்தடியில் பலகை போட்டு, கொப்பியில் ஆண், பெண், சுமை, வண்டி என்று நாலு நிரல் கீறி, விடிய விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு கோடு நேரே, ஐந்தாவது குறுக்கே.

வேலை நான் நினைத்தது போல் லேசாக இருக்கவில்லை. போகிறவர்கள் எல்லாரும் சந்நிதியில் நின்று கும்பிட்டார்கள். கும்பிடுகிறவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வராது. நானும் எழுந்து கும்பிடுவேன். தோப்புக்கரணம் போட்டு முடித்துத் திரும்பினால், பின்னால் இரண்டு பேர் போயிருப்பார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவர்களை ஊகத்தில் எழுதினேன். மன்னிப்பு பிள்ளையாரிடம். கொப்பியிடம் இல்லை.

சில ஆண்கள் என்னைக் கண்டதும் வேலி பாய்ந்தார்கள். முந்திய காலத்து றோட்டு வரி திரும்பி வருகிறது, அதற்குத்தான் தலை எண்ணுகிறான் என்று கதை பரவியிருந்தது. நான் வேலிக்கு மேலால் தெரிந்த தலைகளையும் எண்ணினேன்.

பெண் நிரலில் மட்டும் கோடுகள் குறைவு. "இவ்வூர்ப் பெண்கள் பெரும்பாலும் வீட்டோடு இருப்பவர்கள்" என்று அழகான எழுத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். அதை எழுதிய நேரத்தில் என் பெண்சாதியே வீட்டில் இல்லை.

3. லெவ்வைக் காக்காவின் கேள்வி

மாதம் முடிந்தது. படம் கீறி, கோயில் வழியைச் சிவப்பு மையால் தடிப்பாக இழுத்தேன். மறுநாள் ஐயா வந்து அதைக் கந்தோருக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. வாசலில் பாய் போட்டு மை காயவைத்திருந்தபோது லெவ்வைக் காக்கா வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். காத்தான்குடியிலிருந்து புடைவைப் பொட்டணியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக விற்கிறவர்.

"தம்பி, ஊரெல்லாம் எண்ணுறீங்களாம். என்னையும் எண்ணின நீங்களா?"

"நீங்க இந்த மாசம் இந்தப் பக்கம் வரல்லயே காக்கா."

"வரல்லயா! கிழமைக்கு மூணு நாள் வாறன். முந்தநாளும் உங்கட ஊட்டுக்காரப் புள்ளைக்குச் சீத்தைத் துணி குடுத்துட்டுப் போனன்."

"எந்த வழியால?"

"பின்வழியாலதான். துறையில இறங்கி அப்படியே குளத்தடியால கிறுகி வாறது. நம்மட யாவாரம் முழுக்க அங்கதானே இரிக்கு. கோயில் முன்னுக்கு வந்தா யாரு நிண்டு சேலை பாக்கிற? எல்லாரும் சாமியத்தான் பாப்பாங்க."

உள்ளேயிருந்து தெய்வானைப்பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து படத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இதில பின்வழி எங்க?"

"அது வழியில்ல புள்ள. அது சும்மா ஒதுங்கிப் போற இடம்."

கோயிலுக்குப் பின்னால் குளக்கரையை ஒட்டி, பற்றைக்குள்ளால் வருகிற ஒற்றையடித் தடம் அது. எங்கள் ஊரில் துடக்கு உள்ளவர்கள் கோயில் முன்னால் போகமாட்டார்கள். சாவீட்டுக்காரர், பிள்ளை பிறந்த வீட்டுக்காரர், மாதவிலக்கான பெண்கள், பிள்ளைநோவோடு போகிறவள், எல்லாருக்கும் பின்வழிதான். மீன் கூடை கொண்டு வருகிறவர்களும் சந்நிதிக்கு மரியாதையாக அப்படியே சுற்றிப் போவார்கள். யாரும் சட்டம் போடவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

"மாசத்தில அஞ்சு நாள் நான் எதால வயல் வட்டைக்குப் போறன்?" என்று கேட்டாள்.

நான் மை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன்.

"உங்கட அப்பா மோசம் போயி முப்பத்தொரு நாள் நீங்க எதால போன நீங்க?"

லெவ்வைக் காக்கா மெல்லப் பொட்டணியைத் தூக்கினார். "நான் மறுகா வாறன் புள்ள" என்று போய்விட்டார்.

"அக்காவ எதால கொண்டு போன?"

அவளுடைய அக்காவுக்குப் பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்து நோவு கண்ட நாளில், கட்டிலோடு தூக்கி, பின்வழியால் துறைக்குக் கொண்டுபோனோம். மழைகாலம். இடுப்பளவு சேறு. ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வைத்துப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. தோணியில் ஏற்றி ஆசுபத்திரிக்குப் போனபோது தாய் மட்டும்தான் மிஞ்சினாள். அந்தக் கட்டிலின் பின்கால் ஒன்றைப் பிடித்தவன் நான். அந்தச் சேறு காய்ந்து என் காலில் வெடித்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அது ஒரு வழி என்று நினைவு வரவில்லை.

"எனக்கும் ரெண்டு மாசம்" என்றாள் தெய்வானைப்பிள்ளை. "உங்களுக்கிட்டச் சொல்ல நல்ல நாள் பாத்திட்டிருந்தன். மார்கழியில வரும். நல்ல மாரி."

விரலை நாக்கில் தொட்டுக் கணக்குப் பார்த்தேன். மார்கழிதான். அந்தக் கணக்கு மட்டும் உடனே சரியாக வந்தது.

4. மஞ்சள் பூசிய முட்டி

மறுநாள் ஐயா வந்தார்.

"ஐயா, கணக்குப் பிழை."

"எந்தப் பக்கத்திலை?"

"எல்லாப் பக்கத்திலயும்."

அவர் கோபிக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, நான் எழுதிய "பெண்கள் வீட்டோடு இருப்பவர்கள்" என்ற வரியை இரண்டு தரம் வாசித்தார். "நல்ல எழுத்து" என்றார். அதைவிட ஓர் அடி போட்டிருக்கலாம்.

கந்தோரில் பத்து நாள் தவணை வாங்கித் தந்தார். "அதுக்கு மேலை அவங்கள் பொறுக்கமாட்டாங்கள். படத்திலை உள்ளபடி போட்டிடுவாங்கள்."

"குளத்தடியில போய் இருந்து எண்ணவா, ஐயா?"

"உம்மைக் கொப்பியோடை கண்டால் அவையள் வரமாட்டினம். அவையளே தங்களை எண்ணட்டும். தடத்திலை ஒரு மண்முட்டியை வையும். போறவை ஒவ்வொரு புளியங்கொட்டை போடட்டும்."

நல்ல யோசனை. அதை நான் நிறைவேற்றினேன். நல்ல காரியம் தொடங்குகிறோமே என்று புது முட்டி வாங்கினேன். மஞ்சள் பூசினேன். குங்குமப் பொட்டு வைத்தேன். கழுத்தில் மாவிலை கட்டி, பக்கத்தில் ஒரு வெற்றிலையில் புளியங்கொட்டைகளைக் குவித்து, தடம் பிரிகிற முச்சந்தியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு கொட்டை. அது நான் ராசிக்குப் போட்டது.

அன்று லெவ்வைக் காக்கா இடுப்புவரை நனைந்து வந்து சேர்ந்தார். "தம்பி, குளத்தடிப் பக்கம் போயிராதீங்க. எந்தப் பாவியோ செய்வினை கழிச்சி முச்சந்தியில முட்டி வெச்சிரிக்கான். ஒரு சனம் அதால போகுதில்ல. நான் சாரனைத் தூக்கிட்டுக் குளத்துக்குள்ளால வந்தன்!"

அந்தப் பாவி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

தெய்வானைப்பிள்ளை சிரித்துச் சிரித்து அம்மியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "முச்சந்தியில புது முட்டிக்கு மஞ்சளும் பூசி வெச்சா, பேயும் கிட்ட வராது!" பிறகு எழுந்து, கரிபிடித்த, வாய் உடைந்த பழைய சோற்றுமுட்டியைத் தேடி எடுத்தாள். தானே கொண்டுபோய் வைத்தாள். கிணற்றடியில் நாலு பெண்களிடம் ஒரு வார்த்தை சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குச் சொல்லவில்லை.

நான் இரண்டு நாளை வீணாக்கியபடியால் மிஞ்சியது எட்டு நாள். அந்த எட்டு நாளில் முட்டி நிறைந்தது. இன்னொன்று வைத்தோம். ஊரில் புளியங்கொட்டை முடிந்துபோய், மீன்காரர் மட்டி ஓடு போட்டார்கள். யாரோ ஒருத்தி வளையல் துண்டு போட்டிருந்தாள். பாயில் கொட்டி ஐயா தாமே எண்ணினார். என்னைத் தொடவிடவில்லை.

ஒரு நாள் கணக்கில் பார்த்தால், கோயில் வழியைவிடப் பின்வழியால் போனவர்கள்தான் கூடுதல்.

5. மாமாவின் வண்டி

வண்ணக்கர் அரசமரத்தடியில் நாலு பேருக்கு முன்னால் என்னை மறித்தார்.

"பிள்ளையாருக்கு விரோதமாக் கணக்கெழுதின மருமகன் இவர்தான். பாருங்க எல்லாரும்."

"மாமா, அவங்க பின்னால சுத்திப் போறது பிள்ளையாருக்குக் குடுக்கிற மரியாதைதானே. மரியாதை குடுத்தவங்களத்தான் நாம சேத்தில விட்டிரிக்கம்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "இது உங்கட கதையில்ல."

"இல்ல மாமா. தெய்வானைப்பிள்ளை வீட்டில ரெண்டு தரம் சொல்லித் தந்தவ."

நாலு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கோயிலில் எனக்குப் பிரசாதம் கடைசியாகத்தான் வந்தது.

ஆடியில் றோட்டுக் கந்தோர் ஓவசியர் வந்து அளந்தார். கார்த்திகைக்குள் குளத்தடியால் கிறவல் விழுந்தது. அரசாங்கம் அவ்வளவு சுறுக்காக ஒரு வேலை செய்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எண்ணத் தொடங்குமுன், நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். நான் பொய்க்கணக்கு எழுதவில்லை. கும்பிட்ட நேரம் போக, மற்றதெல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குப் பிடித்த நிழலில் இருந்து எண்ணினேன். அந்த நிழலுக்கு வராதவர்கள் ஊரிலே இல்லை என்று எழுதிவிட்டேன். அதில் என் பெண்சாதியும் ஒருத்தி.

மார்கழியில் ஒரு நாள் காலை, கொட்டுகிற மழையில் தெய்வானைப்பிள்ளைக்கு நோவு கண்டது. வண்டிக்கு ஓடலாம் என்று வேலிக் கடப்படிக்கு வந்தால், வண்ணக்கருடைய கூடார வண்டி நிற்கிறது. அவரே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன பாக்கிற நீங்க? ஏத்துங்க. நான் மறுகா முழுகிட்டுக் கோயிலுக்குப் போவன்."

பின்வழியில் வண்டி தடதடவென்று போனது. சில்லு ஓரிடத்திலும் புதையவில்லை. கோயில் மணி பின்பக்கத்திலிருந்து கேட்டது. நடந்துகொண்டே அந்தத் திசைக்குக் கும்பிட்டேன். மாமாவும் ஒரு கையால் கும்பிட்டார்.

வண்டிக்குள்ளிருந்து தெய்வானைப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "இஞ்சாருங்க... எண்ணின நீங்களா?"

"யார?"

"இதால போறவங்கள."

"ஓம் புள்ள. நான், மாமா, நீ. மூணு பேர்."

"இந்த மனிசனுக்கு எண்ண வராது மாமா" என்றாள் அவள். "நாலு."

மழைக்குள் வண்ணக்கர் அப்போதுதான் சிரித்தார்.

பதினாலாம் நாள் அதே வழியால் திரும்பி வந்தோம். மகள் துணிச்சுருளுக்குள் நித்திரை. துறையில் இறங்கியதும் முதல் ஆளாக அவளைத்தான் எண்ணினேன்.