வல்லாரைக் கஞ்சி குடித்துவிட்டு எண்ணெய் அடித்தவர்கள்

பூச்சிமருந்தை எங்கள் பக்கத்தில் எண்ணெய் என்போம். அதை விற்கிறவன் போத்தலோடு ஒரு கதையையும் கட்டிக் கொடுப்பான். கல்முனையில் என் மருந்துக் கடையில் நான் கொடுத்த கதையை எத்தனையோ வருடமாக நானே சந்தேகப்பட்டு வருகிறேன். கடை வைத்துப் பட்டவர்களே, உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கும்.

கதை கிடைத்தது

வரிப்பத்தான்சேனை உதுமான் காக்கா கூலிக்கு எண்ணெய் அடிப்பவர். இருபது வருடமாக அடித்தும் கையில் நடுக்கமில்லை, பேச்சில் தடுமாற்றமில்லை. ஒருநாள் கடையில் வைத்துக் காரணம் கேட்டேன்.

"வல்லாரையும் மஞ்சளும் போட்டுக் கஞ்சி குடிச்சிட்டுத்தான் எண்ணெய் டாங்கிய முதுகில தூக்குவன். மூளைக்கு அது வேலி, தம்பி."

முகமூடி திரும்பி வந்தது

சுனாமியில் கடல் வந்து தோணியைக் கொண்டுபோன பிறகு, சாய்ந்தமருதில் மீன்பிடித்துக்கொண்டிருந்த என் மனைவியின் தம்பி நூகு வயல்களில் எண்ணெய் அடிக்கப் போனான். முகமூடி கொடுத்தேன். கூடவே, கெட்டிக்காரத்தனமாக, காக்காவின் கஞ்சிக் கதையையும் சொன்னேன். மறுநாளே முகமூடியை மேசையில் வைத்தான்.

"இந்த வெக்கையில மூக்கக் கட்டினா எண்ணெய்க்கு முந்தி மூச்சு முட்டியே நான் மௌத்தாகிருவன், மச்சான். கஞ்சியே போதும்."

மலை வரவில்லை

நாட்டில் சண்டை முடிந்ததும் தரிசாகக் கிடந்த காணிகளெல்லாம் விதைப்புக்கு வந்தன. நூகுக்கு ஓய்வே இல்லை. அதில் மிச்சம் பிடித்து மறுபடி தோணி வாங்கினான். பள்ளிவாசல் மினாராவையும் மேற்கே ஒரு மலையையும் ஒரே கோட்டில் பிடித்து மீன் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது அவன் பழக்கம். முதல் நாளே இடம் நினைவுக்கு வராமல் வெறுந்தோணியோடு திரும்பினான். மறதிக்குக் காரணம் எண்ணெயாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் என்றார் டொக்டர். வல்லாரையில் நன்மை இருக்கலாம். முகமூடி வேண்டாம் என்று நினைக்க வைத்தவன் நான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மினாரா தெரியுது, மச்சான். எந்த மலையோட சேத்துப் பாக்கிறதெண்டுதான் வருதில்ல."

வரம்பில்

இருப்புக் கொள்ளாமல் உதுமான் காக்காவைத் தேடிப் போனேன். வயலில் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டி, காற்றுக்கு முதுகைக் காட்டி அடித்துக்கொண்டிருந்தார். இது எப்போதிருந்து என்றேன்.

"தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். இதக் கட்டாம ஆரும் அடிப்பானா? முதல் வேலி இது, கஞ்சி ரெண்டாவதுதானே, தம்பி."

கடையில் நின்றே கேட்ட பாதிக் கதையை ஊர் முழுக்க விற்றுத் தீர்த்தவனுக்கு அவரிடம் கேட்க மிஞ்சியது இவ்வளவுதான்: "காக்கா, இத நூகுக்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"