தகரக் கூரை

அமுகேயின் கைகள் நீலத் துணியின் ஓரத்தை மடித்துத் தையல் எந்திரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தன. தைத்து முடித்ததும் தன் மகள் அப்போலோட்டைக் கூப்பிட்டு, பள்ளிச் சீருடையை அவளுக்கு மாட்டி அளவு பார்த்தாள். பொருத்தமாக இருந்தது.

"நானே வச்சுக்கட்டுமாம்மா?"

"கழட்டுடி. இது அசேக்கெனே மகளுக்கு."

வெள்ளைக்காரர்களின் உதவி நிறுவனம் பள்ளிக் கட்டணம் கட்டப்போகும் ஏழைப் பிள்ளைகளின் பட்டியலில் அப்போலோட்டின் பெயர் இல்லை. பட்டியலுக்காக வீடு பார்க்க வந்த நிறுவனத்து ஆள் ஒக்கிரோர் வாசலிலேயே நின்று, மேலே தகரக் கூரையைப் பார்த்து, பெயரை அடித்துவிட்டுப் போய்விட்டார். "புல்லுக் கூரை வீட்டுக்குத்தான் எழுதச் சொல்லியிருக்காங்க, தங்கச்சி."

மூன்று வருடம் ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்து, சொரோட்டிச் சந்தையில் ஒவ்வொன்றாக வாங்கிய தகரம் அது. புருஷன் செத்த வருடம் மழையில் ஒழுகிய கூரையை அவள் மறக்கவில்லை.

சாயங்காலம் சீருடையை வாங்க அசேக்கெனே வந்தாள். அவள் வீட்டில் நாலு உழவு மாடு. கூரை மட்டும் புல்.

"அப்பவே சொன்னேன்லடி, தகரம் வாங்காத, மாடு வாங்குன்னு. வீடு பார்க்க ஆள் வந்தா மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிரலாம். தகரத்தை எங்க ஓட்டுவ?"

அமுகே தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சீருடையை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தாள்.