கல்லைத் தூக்கியெறிந்த போர்வெல்

போன வருடம் கோடை விடுமுறையில், வருசநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் போர்வெல் போட வண்டி வந்திருந்தது. நான் தேனியில் ஒரு பள்ளியில் பூகோளம் நடத்துகிறேன். எரிமலைப் பாடம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

துளை நானூறு அடி தாண்டியபோது, வேலிக்கு அந்தப் பக்கம் களக் களக்கென்று சத்தம். அங்கே கைவிட்ட பழைய போர்வெல் ஒன்றைப் பலகைக் கல்லால் மூடி வைத்திருந்தார்கள். கல் லேசாக ஆடியது. ஓரத்தில் காற்று சீறியது. ஆவல் தாங்காமல் வேலி தாண்டிப் போய்க் குனிந்து காது கொடுத்தேன். உள்ளே ஏதோ கொதிப்பது போல் இருந்தது.

"அங்கன நிக்காதீக டீச்சர்!"

அங்கே தக்காளி பறித்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்து அக்கா ஓடிவந்து என் சேலையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் வரப்பில் விழுந்தோம். அதே நொடி கல் எகிறி வாய்க்காலில் போய் விழுந்தது. சேறும் ஜல்லியும் தென்னை உயரத்துக்குப் பீறிட்டு, எங்கள் முதுகில் பொலபொலவென்று கொட்டின.

"போன தடவ கீழத் தோட்டத்துல போர் போட்டப்பவும் இப்படித்தேன் உறுமுச்சு" என்றார் அக்கா.

வண்டிக்காரர் காற்றை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "துளை போட நாங்க குழிக்குள்ள அடிக்கிற காத்துங்க. பாறை வெடிப்புல புகுந்து, வழி கிடைச்ச இடத்துல கிளம்பிருச்சு."

"எரிமலை மாதிரியே பீறிட்டுச்சு" என்றேன். அக்கா சேற்றைத் துடைத்தபடி கேட்டார்: "எரிமலையும் இதேதானா டீச்சர்?"

"கிட்டத்தட்ட இப்படித்தான்கா. அங்கே காத்தை யாரும் அடிக்கிறதில்லை. ஆழத்துல உருகின பாறைக்குழம்பு, வெடிப்பு வழியா மேல ஏறும். அதுல கரைஞ்சிருக்கிற வாயு, மேல வர வர அழுத்தம் குறைஞ்சு, சோடாவைத் திறந்த மாதிரி பொங்கித் தள்ளும்."

"அப்ப உள்ள தீ எரியலையா?"

"இல்லக்கா."

"தீயில்லாமப் பாறை எப்படி உருகும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். பூமியின் ஆழத்தில் பாறை எப்போதுமே கடும் சூட்டில்தான் இருக்கிறதாம். மேலே இருக்கும் பாரம் அழுத்திப் பிடிப்பதால் உருகாமல் கிடக்கிறது. அது மெல்ல மேலே வந்து பாரம் குறைந்தால், புதிதாகச் சூடே ஏறாமல் உருகத் தொடங்குகிறது. சில இடங்களில் தண்ணீர் கலந்தாலும் உருகிவிடுமாம்.

மறுநாளே போய் அக்காவிடம் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். பிறகு எதிரே இருந்த மலையைக் காட்டி, "இது வெடிக்குமா?" என்றார். "வெடிக்காதுக்கா, இது எரிமலை இல்ல" என்றதும் சிரித்தார்.

இப்போதெல்லாம் எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும், அந்த அக்கா இதில் என்ன கேட்பார் என்று ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் வகுப்புக்குள் போகிறேன்.