துண்டுக்கு அடியில் ஒரு கை

சந்தைக்குக் கிளம்பிய காலை அது. உதறித் தோளில் போட்ட துண்டு நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். வலது கை என்னோடு வரவில்லை. என் மனைவி தெய்வானை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள். பதில் சொன்னதாகத்தான் நினைத்தேன். வாயிலிருந்து வந்தது பேச்சே இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

நான் வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் தரகன். பாலக்காட்டு டாக்டர் என் நோய்க்குப் பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்று பெயர் சொன்னார். ரத்தக் கொதிப்பு வெகுநாளாக இருந்திருக்கும், உங்களுக்குத்தான் தெரியவில்லை என்றார். மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்கிறவனுக்குத் தன் உடம்புக்குள் நடந்தது தெரியவில்லை. இதை எங்கே போய்ச் சொல்வது!

ராஜ்ஜியங்களை மொழிவாரியாகப் பிரித்து, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கேரளத்தின் எல்லை என்று கல் நட்ட புதிது. என் உடம்பிலும் நடுவில் யாரோ கல் நட்டது போல இருந்தது. பேச்சு மெல்லத் திரும்பியது. கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. கைதான் வரவில்லை. விரல்கள் உள்ளே மடங்கி இறுகிக்கொண்டன (தசை இறுக்கம்: விரியச் சொல்லும் கட்டளை போய்ச் சேராததால் விரல் தானாக மூடிக்கொள்வது). சொந்தக்காரர்கள் புறா ரத்தம் பூசினார்கள். புறா செத்ததுதான் மிச்சம்.

தினமும் நடக்க வேண்டும், விரல்களை நீட்டி மடக்க வேண்டும், வயிற்றைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வயிற்றைக் குறைக்க எனக்கு மனமில்லை. தரகனுக்குத் தொப்பை இருந்தால்தான் நாலு பேர் நம்புவார்கள். இளைத்தால் நொடித்துப்போனான் என்பார்கள். என் மச்சான் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, பயிற்சி செய்தால் கோணின வாய் நேராகும், மீசை எடுப்பாக நிற்கும் என்றான். எடுப்பான மீசையோடு இந்த வயசில் யாரைப் பெண் பார்க்கப் போகிறேன்? சுவரைப் பார்த்து உட்கார்ந்து விரலை நீட்டி மடக்குவது சலித்தது. விட்டுவிட்டேன். இதே நோயோடு இதைப் படிக்கிற உங்களிலும் சிலர் விட்டிருப்பீர்கள்.

கை சரியாகும் முன்பே சந்தைக்குப் போனதுதான் வினையாயிற்று.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையையும் ஒரு துண்டு மூடும். அதற்குள் எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ, அதுதான் விலை. விலையை மாற்ற விரலை விரித்து மறுபடி பிடிக்க வேண்டும். கை முழுவதையும் இறுக்கிப் பிடித்தால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். இடக்கையை நீட்டினால் எதிராளியை அவமதித்ததாகும்.

பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன் ஒரு ஜோடி காளையை என்னை நம்பிக் கொண்டுவந்திருந்தார். வாங்க வந்தவர் துண்டுக்குள் கையை விட்டு அடிமாட்டு விலை கேட்டார். மேலே கேட்க விரலை விரிக்கப் பார்த்தேன். என் கை அவர் விரல்களை மொத்தமாக இறுக்கிக்கொண்டது. விடு விடு என்று உள்ளே கத்துகிறேன், அது விடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து, முடிந்தது என்றார்.

சென்னியப்பனிடம் நடந்ததைச் சொன்னேன்.

"துண்டுக்குள்ள சொன்னது சொன்னதுதானுங்க," என்றார்.

அடுத்த சந்தைக்குத் தன் கிடாரியை வேறொரு தரகரிடம் ஓட்டிப் போனார். வழியில் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். அந்தக் கும்பிடுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, இனிச் சந்தைப் பக்கம் போகமாட்டேன் என்று படுத்துவிட்டேன்.

தெய்வானை துண்டை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள். என் கையை மூடித் தன் கையை உள்ளே விட்டாள்.

"வெலை சொல்லுங்க."

"என்ன மாடு புள்ள?" என்றேன் எரிச்சலாக.

"மயிலைக் காளைங்க. ரெண்டு பல்லு. வண்டிக்கும் ஆகும், ஏருக்கும் ஆகும்."

துண்டுக்குள் நடப்பதைப் பெண்டாட்டிக்கும் சொல்லிக்கொடுக்காதது எங்கள் தொழில் வழக்கம். சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒற்றை விரலைப் பிடித்தாள். இரண்டு பல் போட்ட சாம்பல் நிற இளங்காளைக்கு ஒற்றை விரலா! அந்த விலைக்கு ஆட்டுக்குட்டிகூட வராது. கொள்ளையடிக்க வந்தாயா என்று கேட்டேன். அப்படியென்றால் விரலை நீட்டி மேலே கேளுங்கள் என்றாள். எனக்கு வந்த கோபத்தில் கையை உருவப் பார்த்தேன்.

என் சுண்டுவிரல் துளி அசைந்தது. எனக்கு அது தெரியவில்லை. அவள் விரலுக்குத்தான் தெரிந்தது; அவள் சொல்லித்தான் அறிந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் துண்டை எடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று முதல் தினமும் காலையில், இல்லாத அந்தக் காளைக்குப் பேரம் நடந்தது. அவள் குறைத்துக் கேட்பாள், நான் ஏற்றிக் கேட்பேன். விலை மேலே போக விரல் விரிந்தாக வேண்டும். சந்தை முழுக்கச் சுற்றிவரக் கால் வேண்டுமே என்று வாய்க்கால் கரையில் நடந்தேன். மறுபடி பாலக்காட்டுக்குப் போனபோது கொதிப்பு இறங்கியிருக்கிறது, வயிறும் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். வயிற்றை நான் கவனித்திருக்கவே இல்லை.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். சுவரைப் பார்த்துக் கையை நீட்டாதீர்கள். அந்தக் கைக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கடைசியில் சென்னியப்பன் ஒரு பசுவோடு என்னைத் தேடி வந்தார்.

"கை ஆகுமுங்களா?"

"ஆகும். மெதுவாத்தான் ஆகும். பொறுக்கோணும்."

சந்தையில் அதை வாங்க வந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். துண்டுக்குள் அவர் ஒரு விலை சொன்னார். மேலே கேட்க என் விரல் ஒவ்வொன்றாக விரிய வேண்டியிருந்தது. முன்பெல்லாம் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் முடிப்பேன். இப்போது ஆள் நின்று காத்திருக்கிறார். நான் பிடிவாதமாக இருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவரே ஒரு விரல் ஏற்றினார். சென்னியப்பன் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கையை மூடினேன். மூடுவது எனக்கு எப்போதும் சுலபம்.

இன்றும் கை முழுதாகச் சரியாகவில்லை. குளிர் நாளில் விரல் கேட்பதில்லை. முன்பு இந்தக் கை எனக்கு இருந்ததே ஞாபகத்தில் இல்லை. இப்போது ஒவ்வொரு விரலையும் கேட்டுத்தான் வாங்குகிறேன். அவசரம் போய்விட்டது. அது திரும்ப வேண்டும் என்று ஆசையும் இல்லை.

காலையில் தெய்வானை துண்டோடு வந்து உட்காருகிறாள். அந்த மயிலைக் காளைக்கு இன்னும் இரண்டு பல்தான். இன்னும் விலை படியவில்லை. படிந்துவிட்டால் நாளைக்கு எதற்குத் துண்டை எடுப்பது?