வெடியின் நாக்கு வீங்கியபோது

மீன் ஏலக் கூடத்தில் அவளுக்கு 'வெடி' என்று பெயர். அவள் விலை கூவினால் பக்கத்து ஏலக்காரர்கள் வாயடைத்துப் போவார்கள். அப்பேர்ப்பட்டவளின் நாக்கு வீங்கி, தோலுரித்த தக்காளி மாதிரி சிவந்து வழவழத்துப் போனது. தண்ணீர் பட்டாலே எரிந்தது.

தொண்டை கட்டாமலிருக்க ஏலக்காரர்கள் காரமான புதினா மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது வழக்கம். எரிச்சலையும் அதுவே தீர்க்கும் என்று இவள் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டாள். அறிவாளி!

டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "இரும்புச்சத்து ரொம்பக் கம்மிம்மா, அதான் நாக்குல அழற்சி. மிட்டாய் அதை இன்னும் கிளறி விட்டுருச்சு. அதைத் தூக்கிப் போடுங்க. காரம், புளிப்பு, சூடு வேணாம். வாயைச் சுத்தமா வெச்சுக்குங்க. சத்து மாத்திரையும் பூசற மருந்தும் தரேன். வீக்கம் வடியற வரைக்கும் கத்தாதீங்க. மூச்சு முட்டினா உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துரணும்."

கூவ ஆளில்லாத இடத்தைக் கூடத்தின் குத்தகைக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். வேறு வழியில்லாமல், தராசில் மீன் எடை போடும் புருஷனைத் தன் இடத்தில் கூவ நிறுத்தினாள். கேட்ட கேள்விக்குப் பாதி பதில் சொல்லும் மனுஷன் அவர்.

பின்னால் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளா எங்கே! எழுந்தாள், நடந்தாள், முந்தானையை முறுக்கினாள். அவர் விலையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். அந்த மௌனம் வியாபாரிகளைப் படுத்தியது. மீன் கைவிட்டுப் போய்விடுமோ என்று அவர்களே விலையை ஏற்றினார்கள்.

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. 'இனி நான் எதுக்கு?' என்ற நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்ப்பாள்.

ஒருவழியாக வீக்கம் வடிந்தது. அன்று குத்தகைக்காரர் வந்தார். "நாளையிலேர்ந்து யாரு கூவறது? அண்ணன் கூவறதே நல்லாத்தான் இருக்கு."

அவள் வாயைத் திறப்பதற்குள் புருஷன் முந்திக்கொண்டார். "அவதான். என்னால ஆகாதுங்க. தெனமும் கூடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி பயத்துல வாந்தி எடுக்கறேன்."

அவள் அவர் கையைப் பிடித்தாள். இத்தனை நாளும் அவள் தன் நாக்கை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.